உள்ளே யாரும் இல்லை

அத்தியாயம் 17

ராமுத்தாய் பெட்டியில் அடுக்கியதை எல்லாம் வெளியே எடுத்து, மறுபடியும் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவளுடைய இளைய மகன் ஜெயபாண்டி தீயணைப்புத் துறைப் பயிற்சிக்குக் கிளம்புகிறான். இரண்டு காக்கி டிரவுசர், நாலு வெள்ளை பனியன், கறுப்பு ஷூ, ஒரு டப்பா நிறையச் சேவு. கடைசியாக அவள் வைத்தது ஒரு தேங்காய் எண்ணெய்ப் பாட்டில்.

"அத்தை, அங்க எல்லாம் கிடைக்கும். போதும் விடுங்க" என்றாள் சித்ராதேவி, தலையை வாரிக்கொண்டே. கம்பெனி வேன் வரும் நேரம்.

"காங்கேயத்துச் செக்கு எண்ணெய் அங்க கிடைக்குமா? மாரிக்கும் நான் இதத்தான் குடுத்து விட்டேன்."

மாரிச்செல்வத்தின் பேச்சு வந்ததும் சித்ராதேவி சீப்பைக் கீழே வைத்தாள்.

அவன் மூத்தவன். சித்ராதேவியின் கணவன். அவனும் தீயணைப்பு வீரன்தான். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் தாராபுரம் ரோட்டில் ஒரு பனியன் வேஸ்ட் குடோன் எரிந்தது. உள்ளே போனவன் மேல் கூரை இறங்கிவிட்டது. சாத்தூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பம், திருப்பூர் மண்ணிலேயே அவனைப் புதைத்தது.

அதற்கப்புறம் ராமுத்தாய் சாப்பிடவில்லை. தண்ணீரை வாயில் ஊற்றினாலும் துப்பினாள். ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "எம்புள்ள எதுக்குச் செத்தான்? சொல்லு, எதுக்குச் செத்தான்?" என்று மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது, சித்ராதேவியின் வாயில் அந்த வார்த்தை தானாக வந்தது.

"ஒரு பையனைக் காப்பாத்திட்டுச் செத்தாரு அத்தை. பீகார்க்காரப் பையன். அவனை வெளிய தள்ளி விட்டுட்டுத்தான் இவரு விழுந்தாரு."

அன்று சாயங்காலம் ராமுத்தாய் கஞ்சி குடித்தாள்.

பக்கத்தில் நின்ற ஜெயபாண்டி கேட்டுக்கொண்டுதான் இருந்தான். மறுக்கவில்லை. பொய் அப்படியே தங்கிவிட்டது. அதன் பிறகு வளரவும் செய்தது. பையனுக்கு வயது இருபது ஆனது. ஊரில் அவனுக்கு ஒரு தங்கச்சி வந்தாள். ராமுத்தாய் கேட்கக் கேட்க, சித்ராதேவி சொல்லிக்கொண்டே போனாள்.

"அந்தப் பீகார்ப் பெய ஊருலருந்து வந்துட்டானா? விசாரிச்சியா?" என்றாள் ராமுத்தாய், பெட்டியை மூடிக்கொண்டே.

"இல்லை அத்தை. இன்னும் வரலையாம்."

"தீபாவளிக்கு வரச் சொல்லு. ஒரு வாய் சோறு போட்டு அனுப்புறேன். எம்புள்ள போயும் ஒரு உசுரு நடமாடுதுல்ல, அதக் கண்ணால பாக்கணும். அதுக்காகத்தான் சின்னவனையும் இந்த வேலைக்குப் போடான்னேன். இல்லாட்டி விட்டிருப்பேனா?"

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. சித்ராதேவி மாமியாரின் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டினாள்.

*

பதினோரு மணிக்குக் கம்பெனியில் சைரன் ஒலித்தது.

தீபாவளிக்கு முன்பு எல்லா பனியன் கம்பெனிகளிலும் தீயணைப்பு ஒத்திகை நடக்கும். ஓவர்லாக் மெஷினை நிறுத்திவிட்டு சித்ராதேவி எழுந்தாள். லைன் லைனாக எல்லோரும் படியிறங்கி, வேப்ப மரத்துக்குப் பக்கத்து மைதானத்தில் வந்து நின்றார்கள். தமிழ் பேசுகிறவர்கள் பாதி, இந்தி பேசுகிறவர்கள் பாதி. சிலர் செல்போனில் படம் பிடித்தார்கள். சிலர் வேலை நின்ற சந்தோஷத்தில் சிரித்தார்கள்.

மைக்கின் முன்னால் நிலைய அதிகாரி ரத்தினசாமி நின்றார். சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடோன் வாசலில் நின்றவர் அவர்தான். முந்தாநாளே சித்ராதேவிக்குப் போன் செய்து கேட்டிருந்தார்: "மாரி விசயத்தைச் சொல்லலாமுங்களா சாமி? பேர் சொல்ல மாட்டேன். அதைச் சொன்னாத்தான் சனங்களுக்கு உறைக்கும். நீங்க வேண்டாம்னா விட்டர்றேன்."

"சொல்லுங்க சார்" என்று இவள்தான் சொன்னாள். "நாலு பேராவது கத்துக்கட்டும்."

மாமியார்தான் வீட்டில் இருக்கிறாளே என்ற தைரியம்.

ஒரு தட்டில் டீசல் ஊற்றிக் கொளுத்தி, தீயணைப்புச் சிலிண்டரால் அணைத்துக் காட்டினார்கள். மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு ஒரு வீரர் நடந்து காட்டினார். முகமூடியையும் முதுகுச் சிலிண்டரையும் பார்த்ததும் சித்ராதேவி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். கட்டிங் செக்‌ஷன் வரிசையில் தங்கதுரை நிற்பது தெரிந்தது. லோடு தூக்குகிறவன், பக்கத்து ரூமில் குடியிருப்பவன். அவனும் தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றான்.

ரத்தினசாமி தொப்பியைக் கழற்றினார்.

"தீயை அணைக்கறதைப் பாத்துட்டீங்க. வெளிய வந்தப்புறம் என்ன பண்றதுன்னு சொல்றேன், அதான் முக்கியமுங்க. வெளிய வந்தவங்க ஊட்டுக்குப் போயிடக் கூடாது. டீக்கடைக்குப் போயிடக் கூடாது. உங்களுக்குன்னு சொன்ன எடத்துல வந்து நிக்கோணும். உங்க சூப்பர்வைசர் எண்ணோணும்."

சூப்பர்வைசர் ஒருவர் அதை இந்தியில் சொன்னார். ரத்தினசாமி காத்திருந்தார்.

அந்த நேரத்தில்தான் மனிதவள மேலாளர் ஜெயசுதா சித்ராதேவியின் பக்கத்தில் வந்து குனிந்தாள். நல்ல பெண். மாரிச்செல்வம் இறந்த பிறகு சித்ராதேவியைத் தேடி வந்து மறுபடி வேலைக்கு அழைத்தவள்.

"கோவிச்சுக்காதீங்க சித்ரா. உங்களுக்குத் தெரியாம ஒண்ணு பண்ணிட்டேன். உங்க அத்தையைக் கூட்டியாரச் சொல்லி வேன் அனுப்புனேனுங்க. கடைசியில அவங்களுக்குப் பொன்னாடை போத்தலாம்னு. ஒரு வீரனைப் பெத்தவங்க இல்லீங்களா?"

சித்ராதேவி திரும்பினாள்.

கூட்டத்துக்குப் பின்னால், கேட் பக்கம் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில், நல்ல சேலை கட்டிக்கொண்டு ராமுத்தாய் உட்கார்ந்திருந்தாள். மைக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவரை நிறுத்தச் சொல்லுங்க மேடம்."

"ஏனுங்க?"

பதில் சொல்ல நேரமில்லை. சித்ராதேவி வரிசையை விட்டு முன்னால் ஓடினாள். நூற்றுக்கணக்கான ஆட்கள் நெருக்கி நின்றார்கள். தோள்களை விலக்கி விலக்கி அவள் போவதற்குள், ஒலிபெருக்கி அவளுக்கு முன்னால் ஓடியது.

"ஆறு மாசத்துக்கு முன்னால ஒரு குடோன் எரிஞ்சுதுங்க. உள்ள ஆள் இருக்குன்னு வெளிய நின்னவங்க கத்துனாங்க. யாரும் எண்ணிப் பாக்கலை. எங்க பையன் ஒருத்தன் உள்ள போனான். ஒத்தையாளா உள்ள போகக் கூடாதுன்னு எங்களுக்குச் சட்டமுங்க. புதுப் பசங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்கறதே அவன்தான். ஆனா அன்னைக்குக் கூடப் போக வேண்டிய ஆளு தண்ணிக் குழாயை மாத்திட்டு இருந்தான். இவன் பொறுக்கலை. போயிட்டான்."

இந்தி.

"காத்து தீரப் போவுதுன்னு அவன் முதுகுல இருந்த கருவி விசிலடிச்சுது. வெளிய நின்ன எனக்கே கேட்டுது. அவனுக்குக் கேக்காம இருக்குமுங்களா? ஆனா அவன் திரும்பலை. தேடிட்டே இருந்தான். அப்பத்தான் கூரை இறங்குச்சு."

இந்தி.

"அவன் தேடுன ஆளு வெளிய இருந்தாருங்க. ஒரு கீறல் இல்லாம. உள்ள யாருமே இல்லீங்க."

"அந்தர் கோயி நஹீ தா" என்று அதையே இந்தியில் சொன்னார் சூப்பர்வைசர்.

சித்ராதேவி மைக்கை எட்டியபோது, சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லப்பட்டிருந்தது.

பின்னாலிருந்து கூட்டம் பிளந்து வழி விட்டது. ராமுத்தாய் நடந்து வந்தாள். வேகமாகவும் இல்லை, தடுமாறவும் இல்லை. ரத்தினசாமி அவளை அடையாளம் கண்டுகொண்டதும் மைக்கை அணைத்துவிட்டார்.

"சார். நீங்க சொன்னது எம்மகனையா?"

அவர் சித்ராதேவியைப் பார்த்தார். ராமுத்தாய்க்கு அந்தப் பார்வையே போதுமாக இருந்தது. இருந்தாலும் கேட்டாள்.

"ஒரு பையனைக் காப்பாத்துனான்னு சொன்னாகளே. பீகார்ப் பையன்."

"இல்லீங்கம்மா."

"ஒருத்தரும் இல்லையா?"

"இல்லீங்கம்மா" என்றார். ஆறடி உயரமுள்ள அந்த மனிதர், மைதானத்தில் எல்லோரும் பார்க்க, அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நான் தடுத்திருக்கோணுமுங்க. ரெண்டு எட்டு முன்னால நின்னிருந்தா சட்டையப் புடிச்சு இழுத்திருப்பேன். என்னைய மன்னிச்சிருங்கம்மா."

ராமுத்தாய் அழவில்லை. அவர் அழுது முடிக்கும் வரை கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றாள்.

ஜெயசுதாவின் கையில் பொன்னாடை பிரிக்கப்படாமல் இருந்தது.

*

வீட்டுக்கு வந்ததும் ராமுத்தாய் செய்த முதல் வேலை, பெட்டியைத் திறந்ததுதான். அடுக்கி வைத்ததை ஒவ்வொன்றாக எடுத்துக் கட்டிலில் போட்டாள்.

சித்ராதேவி கதவோரம் நின்றாள். "அத்தை, அன்னைக்கு நீங்க சாப்பிடவே இல்லை. நீங்களும் போயிருவீங்கன்னு டாக்டர் சொன்னாரு. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலை."

"உன் மேல கோவம் இல்ல தாயி."

"அடிச்சிருங்க அத்தை. இப்படிப் பேசாதீங்க."

"உன்ன எதுக்கு அடிக்கணும்? உம்புருசனும்தான செத்தான். எனக்காவது ஒரு பெய இருந்தான், நெனச்சுக்கிட. உனக்கு அதுவும் இல்லாமதான இத்தன நாள் இருந்துருக்க." ராமுத்தாய் கறுப்பு ஷூவை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். "அந்தப் பெய இப்ப சாப்பிட்டிருப்பானா, வேலைக்குப் போயிருப்பானான்னு தெனமும் நெனப்பேன். அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லையே. நான் யாரை நெனச்சேன்?"

அதற்கு மேல் அவளால் நிற்க முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். மாரிச்செல்வம் இறந்த அன்று அவளிடமிருந்து வராத சத்தம் அப்போது வந்தது. சித்ராதேவி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பெண்களும், ஆறு மாதத்தில் முதல் தடவையாக, ஒரே விஷயத்துக்காக அழுதார்கள்.

நாலரை மணிக்கு ஜெயபாண்டி பிரிண்டிங் யூனிட்டிலிருந்து வந்தான். இன்றுதான் அங்கே அவனுக்குக் கடைசி நாள். கட்டிலில் கிடந்த துணிமணிகளையும், இரண்டு பேரின் முகங்களையும் பார்த்தான்.

"மதினி?"

"தெரிஞ்சு போச்சு பாண்டி" என்றாள் சித்ராதேவி.

ராமுத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நீ போக வேண்டாம்."

"அம்மா, ஆர்டர் வந்துருச்சு."

"வரட்டும். கிழிச்சுப் போடு. சாயப் பட்டறையில வேல பாரு, மூட்ட தூக்கு. என் கண்ணு முன்னாடி இரு."

"அண்ணன் ஒத்தையாளாப் போனான்மா. அதுதான் தப்பு. அதச் செய்யக் கூடாதுன்னுதான் பயிற்சியே குடுக்கறாங்க. எப்பப் போகணும், எப்பத் திரும்பணும்னு எல்லாம் இருக்கு."

"அவனுக்குக் குடுக்கலையா? அவன்தான் மத்தவனுக்குச் சொல்லிக் குடுப்பானாமே."

ஜெயபாண்டி கட்டிலில் கிடந்த ஒரு பனியனை எடுத்து மடித்தான்.

"நான் ஒண்ணு கேக்கேன். பொய் சொல்லாம சொல்லு. நாளைக்கு எரியற இடத்துக்கு முன்னால நிக்க. ஒரு பொம்பள உள்ள ஆள் இருக்குன்னு கத்துறா. கூட ஆள் இல்ல. போவியா, மாட்டியா?"

அவன் தலையைக் குனிந்தான். குனிந்தபடியே சொன்னான்:

"போவேன்மா."

ராமுத்தாய் கண்ணை மூடிக்கொண்டாள்.

*

கதவு தட்டப்படவில்லை. ரோஸ்மேரி நேராக உள்ளே வந்தாள்.

பக்கத்து ரூமில் கணவன் தங்கதுரையோடு குடியிருப்பவள். தூத்துக்குடிப் பக்கம். வைகாசியில் குடி வந்ததிலிருந்து இந்த வீட்டுக்குக் குடத்தில் தண்ணீர் பிடித்துக் கொடுப்பாள். ராமுத்தாய்க்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பாள். "பெத்த மக இருந்தாக்கூட இப்படிப் பாக்க மாட்டா" என்று ராமுத்தாய் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். ஏன் இப்படிப் பார்க்கிறாள் என்பதை அவள் சித்ராதேவியிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

இப்போது அவள் தலை கலைந்திருந்தது. காலில் செருப்பு இல்லை.

"சித்ரா, அவியளைக் காணும். ஒத்திகை முடியும் முன்ன கேட்டைத் தாண்டிப் போனாவளாம். செல்லை வாட்ச்மேன்கிட்டக் குடுத்துட்டுப் போயிருக்காவ. அந்தப் பழைய குடோன் பக்கம் போனதைப் பொட்டிக்கடைக்காரர் பாத்திருக்காரு. நான் போயி வெளிய நின்னு கூப்பிட்டேன். சத்தமே இல்ல. உள்ள இருக்காவளா இல்லையான்னு தெரியல. எனக்கு உள்ள போகப் பயமா இருக்கு. பாதிக் கூரை இன்னும் தொங்கிக்கிட்டுக் கிடக்கு."

"தங்கதுரை அங்க எதுக்குப் போகணும்?" என்றான் ஜெயபாண்டி.

ரோஸ்மேரி சித்ராதேவியைப் பார்த்தாள். சித்ராதேவி வேண்டாம் என்று தலையசைக்கவில்லை. இன்றைக்கு இனி எதையும் மறைக்க அவளுக்குத் தெம்பு இல்லை.

"அன்னைக்குக் கத்துனது நான்தான்" என்றாள் ரோஸ்மேரி.

அவள் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு மேலே சொன்னாள்.

"அவிய அந்தக் குடோன்லதான் வேலை பாத்தாவ. போன் போட்டா ரிங் போவுது, எடுக்கல. உள்ளதான் கிடக்காவன்னு நினைச்சேன். போனை உள்ள சார்ஜ்ல போட்டுட்டு, சலூனுக்குச் சேவிங் பண்ணப் போயிருக்காவ. எனக்கு எப்படித் தெரியும்? சத்தியமா எனக்குத் தெரியாது."

ஜெயபாண்டி பின்னால் நகர்ந்தான். சுவரில் முதுகு இடித்தது. "இத்தனை நாளா எங்க வீட்டுத் தண்ணிய நீதான் புடிச்சுக் குடுத்தியா?" என்றான்.

ராமுத்தாய் மட்டும் எழுந்து ரோஸ்மேரியின் பக்கத்தில் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்றுதான் சித்ராதேவி நினைத்தாள். ரோஸ்மேரியும் அப்படித்தான் நினைத்து முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"நீதான் எம்மகன்கிட்டக் கடைசியாப் பேசுனவளா?"

"ஆமாம்மா."

"என்ன சொன்னான்?"

ராமுத்தாய் அவளுடைய தோளைப் பிடித்து உலுக்கினாள். "சொல்லு தாயி. ஒருத்தரும் எனக்கு அதச் சொல்லலையே. என்ன சொன்னான்?"

"அழாதீங்க அக்கான்னாரு. அண்ணன் பேரு என்னன்னு கேட்டாரு. தங்கதுரைன்னேன். கூட்டிட்டு வந்துருதேன்னு சொல்லிட்டு உள்ள போனாரு. போயி, அந்தப் பேரச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாரு. எனக்கு வெளிய கேட்டுது. பொறவு கேக்கல."

வெளியே ஏதோ வண்டி திரும்பும் சத்தம்.

ராமுத்தாய் கட்டிலுக்குப் போனாள். கறுப்பு ஷூவை எடுத்து இளைய மகனின் காலடியில் வைத்தாள்.

"போட்டுக்க. அங்க தகரமும் ஆணியுமாக் கிடக்கும். அந்த ஆபீசருக்குப் போன் பண்ணு. அவரு வர்ற வரைக்கும் ஒத்தையில உள்ள கால வச்சே, நான் உயிரோட இருக்க மாட்டேன்."

"அந்தாளுக்காகவாம்மா?"

"அந்தாளுக்காகத்தான்" என்றாள் ராமுத்தாய். "அவனும் இல்லாமப் போயிட்டா, எம்மகன் போனதுக்கு என்னடா மிச்சம்?"

*

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

கரி பிடித்த சுவர்கள் மட்டும் நின்றன. ஒரு பக்கம் கூரைத் தகரம் வளைந்து, இரும்புச் சட்டத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. சித்ராதேவி இந்த இடத்துக்கு வருவது இதுதான் முதல் தடவை. வாசலைப் பார்த்தவள், பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரத்தினசாமி ஜீப்பில் வந்து இறங்கினார். கூட இரண்டு வீரர்கள், கயிறு, டார்ச், தலைக்கவசங்கள். வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி: "உள்ள ஆள் இருக்கறது உறுதிங்களா?"

"தெரியல சார்" என்றாள் ரோஸ்மேரி. "எனக்குத் தெரியல." அன்றைக்கு ஆள் இருக்கு என்று கத்தியவள், இன்று தெரியவில்லை என்பதைத் தவிர வேறு எதையும் சொல்லத் துணியவில்லை.

ஜெயபாண்டி ஒரு கவசத்துக்குக் கை நீட்டினான். ரத்தினசாமி கொடுக்கவில்லை.

"நீ இன்னும் பயிற்சிக்கே போகலை கண்ணு. கயிறைப் புடிச்சுக்கிட்டு வெளிய நில்லு. உள்ள நானும் இவரும் போறோம். அன்னைக்கு நான் வெளிய நின்னேன். இன்னைக்கு முடியாது."

கயிற்றின் ஒரு முனையை அவர் தன் இடுப்பில் கட்டினார். மறுமுனை ஜெயபாண்டியின் கையில்.

அப்போது ராமுத்தாய் முன்னால் வந்தாள். யாரும் தடுப்பதற்குள், அந்தக் கரிந்த வாசலுக்கு மிக அருகில் போய் நின்றாள். இரண்டு கைகளையும் வாயருகில் குவித்தாள்.

"தங்கதுரை!"

சுவர்களில் பட்டுக் குரல் திரும்பி வந்தது.

"ஏய்யா, தங்கதுரை! நான் மாரியோட ஆத்தா பேசுறேன். உள்ள இருந்தா ஒரு சத்தம் குடுய்யா. உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ரத்தினசாமி டார்ச்சை உள்ளே அடித்தார்.

உள்ளே, வெகு தூரத்தில், ஒரு தகரம் அசைந்தது. காற்றில்தான் அசைந்ததா, ஆள் பட்டு அசைந்ததா என்று அவர்களில் யாராலும் சொல்ல முடியவில்லை.

ரத்தினசாமி கூட வந்த வீரரைத் திரும்பிப் பார்த்தார். இருவரும் ஒரே நேரத்தில் உள்ளே கால் வைத்தார்கள்.

ஜெயபாண்டியின் கையில் கயிறு நகரத் தொடங்கியது.